பானெட்டைத் தூக்குங்க, ரகசியம் சொல்றேன்!

"நான் வேஷம்தான்" என்று தன் பெயரிலேயே ஒப்புக்கொண்ட கார் ஒன்று உண்டு. 1989 டோக்கியோ மோட்டார் ஷோவில், தென்கொரியாவின் ஹூண்டாய் ஒரு குட்டிக் கூப்பேயைக் கொண்டுவந்து மேடையில் நிறுத்தியது. பெயர் எஸ்.எல்.சி. என்ன மூன்றெழுத்து, ஏதாவது ஜெர்மன் ராணுவ ரகசியமா என்று விரித்துப் பார்த்தால், 'ஸ்போர்ட்டி லுக்கிங் கார்'! ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லவில்லை. பார்க்க ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இருக்கும் கார். அவ்வளவுதான். விளம்பர உலகத்தில் இவ்வளவு நேர்மை யார் கேட்டது?

அந்தப் பெயரைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்தக் காரின் மேல் ஒரு கிறுக்கு. ஃபெராரியின் கதையைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மாதச் சம்பளக்காரர் தவணையில் வாங்கக்கூடிய, முன்சக்கரம் இழுக்கிற, பின் சீட்டில் பெரியவர் ஒருவர்கூட நிமிர்ந்து உட்கார முடியாத இந்த மலிவு கூப்பேக்களின் மேடைக்குப் பின்னால் நடந்ததை யார் சொல்கிறார்கள்? வாங்க. மேடைக்கு முன்னால் உட்கார வேண்டாம். நேராக ஒப்பனை அறைக்குப் போய்விடுவோம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது ஒரு சாதுவான குடும்பக் கார். ஹூண்டாய் எக்செல். இதுதான் வேஷம் கட்டப்போகிறது.

எக்செல் அப்போது சாதாரண ஆளில்லை. 1986-ல் அமெரிக்காவில் 4,995 டாலருக்கு வந்திறங்கி, முதல் வருஷத்திலேயே 1,68,882 கார்கள் விற்றுத் தீர்ந்தன. அப்புறம்தான் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகப் புலம்ப ஆரம்பித்தார்கள். தரம் பற்றிய புகார்கள் குவிந்து, டி.வி. நகைச்சுவை நிகழ்ச்சிகளில் ஹூண்டாய் என்று சொன்னாலே சிரிப்பு வரும் நிலை. அந்த நேரத்தில்தான், அதே எக்செலின் தரைத்தளத்தை எடுத்து, மேலே இரண்டு கதவு, சரிந்த கூரை, படுத்த கண்ணாடி என்று புது உடுப்புத் தைத்தார்கள்.

இதுதான் மலிவு கூப்பேயின் முதல் ரகசியம். புதுக் கார் ஒன்றை அடியிலிருந்து செய்ய ஆகும் செலவில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போகிறது: தரைத்தளம், சஸ்பென்ஷன் மாட்டும் இடங்கள், ஸ்டீயரிங், பிரேக், ஏர்கண்டிஷனர் குழாய்கள், ஒயரிங். இதெல்லாம் ஏற்கெனவே லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும் குடும்பக் காரிலிருந்து இனாமாக வந்துவிட்டால், மிச்சக் காசை வெளித்தகட்டில் போடலாம். பார்க்கிறவன் வெளித்தகட்டைத்தானே பார்க்கிறான்?

இரண்டாவது ரகசியம் முன்சக்கர இயக்கம். இன்ஜினைக் குறுக்குவாட்டில் படுக்க வைத்து, பக்கத்திலேயே கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒட்டி, முன்சக்கரங்களுக்கு இரண்டு குட்டை ஷாஃப்ட் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. காரின் முதுகெலும்பு மாதிரி நீளமாக ஓடும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வேண்டாம். பின்னால் கனமான டிஃபரன்ஷியல் வேண்டாம். நடுவில் தரை மேடு தட்ட வேண்டாம். ஒரே மூட்டையாகக் கட்டி மூக்குக்குள் திணித்துவிடலாம். விலை குறையும், எடை குறையும்.

தண்டனையும் உண்டு. இழுக்கிற வேலையும் திருப்புகிற வேலையும் அதே இரண்டு டயர்களுக்கு. எடையில் பெரும்பங்கு மூக்கில். வேகமாக ஒரு வளைவில் நுழைந்தால், நீங்கள் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் "கொஞ்சம் நேராவே போய்ட்டு வர்றேனே" என்று அடம்பிடிக்கும். இன்ஜினின் சக்தி ஏறினால் இன்னொரு கூத்து: ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் ஸ்டீயரிங் கையைப் பிடித்து ஒரு பக்கம் இழுக்கும், கடைத்தெருவில் பொம்மையைப் பார்த்த குழந்தை மாதிரி. பின்சக்கர பக்தர்கள் இதையெல்லாம் காட்டி மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மழையில் நனைந்த ரோட்டில், புதிதாக ஓட்டக் கற்றவன் கையில், இந்த அடம்பிடிக்கிற கார்தான் பள்ளத்தில் விழாமல் வீடு வந்து சேரும்.

எஸ்.எல்.சி. விற்பனைக்கு வரும்போது பெயர் மாறிவிட்டது. 'ஸ்போர்ட்ஸ்', 'கூப்பே' இரண்டையும் கூட்டிப் பிசைந்து 'ஸ்கூப்'. ஐஸ்கிரீம் கடைப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று நானும் நினைத்தேன். 1989 அக்டோபரில் தொடங்க வேண்டிய தயாரிப்பு 1990 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. இன்ஜின்? 1.5 லிட்டர், அமெரிக்கக் கணக்கில் 81 குதிரைசக்தி, வடிவமைப்பு ஜப்பானின் மிட்சுபிஷியுடையது. அதாவது உடம்பு எக்செல், உயிர் மிட்சுபிஷி, உடுப்பு மட்டும் சொந்தம். விற்ற ஒவ்வொரு காருக்கும் ராயல்டி ஜப்பானுக்குப் போனது. எஸ்.எல்.சி. என்ற பெயர் பொய்யில்லை, பாருங்கள்.

இப்போது ஒப்பனை அறையின் பின்கதவைத் திறக்கப்போகிறேன். சத்தம் போடாமல் வாங்க.

சியோலுக்குத் தெற்கே யோங்கின் பக்கத்தில் மாபுக்-ரி என்று ஒரு இடம். 1984-ல் ஹூண்டாய் அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கியது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த லீ ஹியூன்-சூன் என்ற இன்ஜினியரை அழைத்துவந்து, கையில் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: நமக்கென்று ஓர் இன்ஜின் வேண்டும், செய்.

கேட்க எளிது. அந்த நிறுவனத்தில் யாரும் அதுவரை ஒரு இன்ஜினைக்கூட வடிவமைத்ததில்லை. கார்புரேட்டர் வைத்த பழைய மாதிரியைக்கூடச் செய்து பழகாதவர்கள், எடுத்த எடுப்பில் மின்னணு எரிபொருள் செலுத்தும் முறைக்குப் பாயப் பார்த்தார்கள். ஒன்றாம் வகுப்பைத் தாண்டிக் குதித்து நேரே பத்தாம் வகுப்புத் தேர்வு! மிட்சுபிஷி இன்ஜின் வடிவமைப்பு நுணுக்கத்தைக் கற்றுத்தர மறுத்துவிட்டது. கடைசியில் இங்கிலாந்தின் ரிக்கார்டோ நிறுவனத்தின் உதவியோடு, இளம் இன்ஜினியர்கள் வரைபலகைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

பதினாலு மாதம் உழைத்து முதல் மாதிரி இன்ஜின் வந்தது. சோதனை மேடையில் ஏற்றினார்கள், ஓடவிட்டார்கள். சிதறிவிட்டது. சரி, அடுத்தது. அதுவும் போச்சு. வாரத்துக்கு ஒன்று என்கிற கணக்கில் இன்ஜின்கள் உடைந்துகொண்டிருந்த காலம் அது.

ஏன் உடையாது? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும். நிமிஷத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நின்று திரும்ப வேண்டும். நொடிக்கு 200 முறை! அவர்கள் வரைந்த இன்ஜினில் பிஸ்டன் போய்வரும் தூரம் 83.5 மில்லிமீட்டர், சராசரியாகப் பார்த்தால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். ஒரு கைப்பிடி அலுமினியத் துண்டு, 60-ல் ஓடி, சட்டென்று நின்று, திரும்ப 60-ல் ஓடி, இப்படி நொடிக்கு 200 தடவை, அதுவும் தலைக்கு மேலே பெட்ரோல் வெடித்துக்கொண்டிருக்கும்போது. நம் தெருவில் நிற்கும் ஒவ்வொரு காருக்குள்ளும் இந்த அட்டகாசம்தான் நடக்கிறது, நாம் ஏ.சி. பத்தவில்லை என்று குறைபட்டுக்கொண்டு போகிறோம்.

ஹூண்டாயின் கற்றல் வரலாற்றை ஆராய்ந்த கொரியப் பேராசிரியர் லின்சு கிம் ஒரு கணக்கைப் பதிந்து வைத்திருக்கிறார். 288 வடிவமைப்பு மாற்றங்கள். அதில் 1986-ல் மட்டும் 156. அதாவது இரண்டு நாளைக்கு ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை லீவு போக. எல்லாம் முடிந்தபோது சோதனைக்காகச் செய்த இன்ஜின்கள் நூற்றுக்கணக்கில் குவிந்திருந்தன.

நடுவில் சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம் என்கிற மாதிரி ஒரு காட்சி வருகிறது. லீ ஹியூன்-சூன் பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்னது இது. மிட்சுபிஷியின் தலைவரே கொரியாவுக்கு வந்து ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜு-யுங்கைச் சந்தித்தாராம். அந்த ஆராய்ச்சிக்கூடத்தை மூடிவிடுங்கள், ராயல்டியைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறோம் என்றாராம். அரிசிக் கடையில் வேலை பார்த்து மேலே வந்த மனிதர் சுங். வியாபாரி தானாக வந்து பாதி விலை சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கா தெரியாது? கூடம் மூடப்படவில்லை.

1991-ல் இன்ஜின் தயார். பெயர் ஆல்ஃபா. 1,495 சிசி, நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு: காற்று உள்ளே வர இரண்டு, புகை வெளியே போக ஒன்று. கொரியாவில் வடிவமைத்துப் பிறந்த முதல் கார் இன்ஜின். இதை முதலில் எந்தக் காரில் வைத்தார்கள் தெரியுமா? அதிகாரிகள் போகும் பெரிய செடானில் இல்லை. லட்சக்கணக்கில் விற்ற எக்செலிலும் இல்லை. 1991 மே மாதம், நம் வேஷக்காரன் ஸ்கூப்பின் மூக்கைத் திறந்து, மிட்சுபிஷி உயிரை எடுத்துவிட்டு ஆல்ஃபாவை உள்ளே வைத்தார்கள்!

எனக்கு இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டத் தோன்றும். 'பார்க்க மட்டும் ஸ்போர்ட்ஸ்' என்று அறிமுகமானவனுக்குள்தான் அந்த நிறுவனத்தின் முதல் சொந்த இதயம் துடித்தது. இதற்கு வியாபாரக் காரணமும் இருந்திருக்கும் என்பது என் யூகம்: குறைவாக விற்கிற காரில் புது இன்ஜினை வைத்தால், ஏதாவது தப்பானாலும் சேதம் குறைவு. ஆனாலும் கதைக்கு இது எவ்வளவு பொருத்தம், பாருங்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் டர்போ வந்தது. வெளியேறும் சூடான புகையை ஒரு குட்டிக் காற்றாடியில் அடித்துச் சுற்றவைத்து, அந்தச் சுழற்சியால் புதுக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் ஏற்பாடு. கொரியக் கணக்கில் 129 குதிரைசக்தி, அமெரிக்கக் கணக்கில் 115. அளக்கிற முறை நாட்டுக்கு நாடு வேறு; இந்தக் குதிரைக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு வம்பு வருகிறது. சுமார் ஒரு டன் எடையுள்ள அந்தக் கார் நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 9.18 விநாடி, உச்ச வேகம் மணிக்கு 205. கொரியக் கார் ஒன்று 200-ஐத் தாண்டியது அதுதான் முதல் முறை. இன்றைக்கு ஒரு சாதாரண எலெக்ட்ரிக் கார் சிக்னலில் இதைக் கொட்டாவி விட்டபடி முந்திவிடும். ஆனால் 1991-ல் உல்சான் தொழிற்சாலையில் அன்று மாலை யாரும் சரியான நேரத்துக்கு வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

அடுத்த வருஷம் இந்த டர்போவை அமெரிக்காவின் கொலராடோவில் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய 20 கிலோமீட்டர், 156 வளைவு, உச்சி 4,302 மீட்டர். அப்போது மண்சாலை. ஓரத்தில் தடுப்பு எதுவும் எதிர்பார்க்காதீர்கள். மேலே போகப்போகக் காற்று மெலிந்து, சாதாரண இன்ஜின்கள் மூச்சுத் திணறும். டர்போக்காரன் மட்டும் கிடைத்த காற்றை அமுக்கி விழுங்கிக்கொண்டு ஏறுவான். நியூசிலாந்துக்காரர் ராட் மில்லன் ஓட்ட, 1992-ல் ஸ்கூப் தன் பிரிவில் முதலிடம். சரியாக இருபது வருஷம் கழித்து, அதே மலையில், அவர் மகன் ரைஸ் மில்லன் ஒரு ஹூண்டாய் ஜெனிசிஸ் கூப்பேயில் 9 நிமிஷம் 46.164 விநாடியில் ஏறி ஒட்டுமொத்தப் பந்தயத்தையே வென்றார். அது வெறிபிடித்த பந்தயக் கார், ரோடும் அதற்குள் முழுக்கத் தார் ஆகிவிட்டது, ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் அப்பனும் பிள்ளையும் ஒரே மலையில், ஒரே கம்பெனியின் கூப்பேயில். ஆஹா!

இங்கே நம் ஊருக்கு ஒரு குறுக்குச் சந்து இருக்கிறது, ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம். ஸ்கூப் இந்தியாவுக்கு வரவில்லை. ஆனால் சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து 1999-ல் ஆக்சென்ட் வெளியே வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கல்யாண வீட்டு வாசலில், கால் டாக்ஸி ஸ்டாண்டில், பேங்க் மேனேஜர் வீட்டு போர்ட்டிகோவில் எல்லாம் நின்ற அந்த ஆக்சென்ட். அதன் பெட்ரோல் இன்ஜின் எத்தனை சிசி? 1,495. எத்தனை வால்வு? பன்னிரண்டு. அதேதான்! மாபுக்-ரியில் வாரத்துக்கு ஒன்றாக உடைந்த அந்த ஆல்ஃபாவின் வம்சம்தான். செகண்ட் ஹேண்ட் ஆக்சென்ட் வாங்கி அரசு பஸ்ஸை முந்தும்போது "பிக்அப் நல்லா இருக்குப்பா" என்று சொன்ன ஒவ்வொருவரும், தெரியாமலே ஒரு ஸ்போர்ட்ஸ் கூப்பேயின் இதயத்தைப் பாராட்டியிருக்கிறார்கள்.

சரி, திரும்புவோம். உயிர் சொந்தமாகிவிட்டது. இப்போது உடுப்பு பழசாகத் தெரிந்தது.

அதற்கான வேலை கொரியாவில் நடக்கவில்லை. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஃபவுன்டன் வேலியில் ஹூண்டாய் ஒரு டிசைன் ஸ்டுடியோ வைத்திருந்தது. 1992-ல் அங்கிருந்து எச்.சி.டி.-1 என்ற கண்காட்சிக் கார் வந்தது, 1993-ல் எச்.சி.டி.-2. எச்.சி.டி. என்றால் 'ஹூண்டாய் கலிஃபோர்னியா டிசைன்'. இந்த முறை பெயரில் எந்த ஒப்புதல் வாக்குமூலமும் இல்லை! எக்செலைப் பார்த்துச் சிரித்தவர்களின் வாய் அந்த மேடைக்கு முன்னால் கொஞ்சம் திறந்தபடி நின்றிருக்கும். சக்கரங்களுக்கு மேலே தசை மாதிரிப் புடைத்த தகடு, இடுப்பில் ஒரு வளைவு. வழக்கமாகக் கண்காட்சிக் கார்களின் இந்த வளைவுகள் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் கணக்குப்பிள்ளைகள் கையில் தட்டையாகிவிடும். இங்கே ஆச்சரியம், பாதிக்கு மேல் பிழைத்துவிட்டது.

1996-ல் வந்தது டிபுரான். ஸ்பானிய மொழியில் சுறாமீன். ஐரோப்பாவில் அதையே வெறும் 'ஹூண்டாய் கூப்பே' என்று விற்றார்கள். சுறாவை ஊருக்குத் தகுந்தபடி மீன் என்று மட்டும் சொல்லி விற்ற மாதிரி.

வழக்கம்போல் கம்பளத்தைத் தூக்கிப் பார்ப்போமா? அடியில் எலான்ட்ரா. செடானில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம் 2,550 மி.மீ.; டிபுரானில் 2,475. முக்கால் சாண்கூட இல்லை வெட்டியது, ஆனால் காரின் குணமே மாறிவிடும். மொத்த நீளம் 4.34 மீட்டர், உயரம் 1.3 மீட்டர் சொச்சம். குழந்தைகள் எட்டிப்பார்த்தால் கூரை தெரியும் உயரம். சஸ்பென்ஷனைச் சீர்படுத்துவதில் போர்ஷேயின் இன்ஜினியர்கள் கைவைத்தார்கள். இதை விளம்பரத்தில் ஹூண்டாய் எத்தனை முறை சொல்லியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நானாக இருந்தால் பானெட்டிலேயே எழுதியிருப்பேன்.

இன்ஜின் இப்போது ஆல்ஃபாவின் தம்பி, பீட்டா. 1.8 லிட்டரிலும் 2 லிட்டரிலும் கிடைத்தது. பெரியது 1,975 சிசி, 140 குதிரைசக்தி. அதற்குள் எனக்குப் பிடித்த ஒரு குட்டி அதிசயம் உண்டு. தலையில் இரண்டு கேம் ஷாஃப்ட். பொதுவாக ஒரே பெல்ட்டோ ஒரே செயினோ இரண்டையும் சுற்றும். பீட்டாவில் பெல்ட் புகைப் பக்கத்துக் கேமை மட்டும் சுற்றுகிறது. அந்தக் கேமிலிருந்து ஒரு குட்டிச் செயின் போய் காற்றுப் பக்கத்துக் கேமைச் சுற்றுகிறது. மாமியார் மருமகளிடம் சொல்லி, மருமகள் பிள்ளையிடம் சொல்லி வேலை நடக்கிற வீடு மாதிரி. பெல்ட்டை மாற்றும் நாளில் பல பேர் இந்தச் செயினை மறந்துவிடுவது வேறு கதை.

அமெரிக்காவில் ஆரம்ப விலை 14,000 டாலருக்குள். அந்தக் காசுக்கு அந்த இடுப்பு வளைவு வேறு எங்கும் கிடைக்காது. 1999 கடைசியில் முகத்தை மாற்றினார்கள்: முன்னால் தனித்தனியாக நான்கு விளக்கு. யாரோ அதிர்ச்சியடைந்து முழித்துப் பார்க்கிற முகம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

அதைவிட, 1998-லும் 1999-லும் இந்தக் கார் உலக ராலிப் போட்டிகளில் சேறு தெறிக்க ஓடியதே, அதைச் சொல்ல வேண்டும்! முன்சக்கர இயக்கக் கார்களுக்கென்று இருந்த 2 லிட்டர் பிரிவு. ஸ்வீடனின் கென்னத் எரிக்சன், பின்னர் ஸ்காட்லாந்தின் அலிஸ்டர் மெக்ரே ஓட்டினார்கள். 1999-ல் அந்தப் பிரிவில் ரெனோவுக்கு அடுத்த இடம். வேஷத்துக்காகத் தைத்த உடுப்பில் உண்மையாகவே வாள் சண்டை போட்டால் எப்படி இருக்கும், அப்படி.

2001 செப்டம்பரில் இரண்டாம் பிறவி. கொரியாவில் பெயர் டஸ்கானி; இத்தாலியின் டஸ்கனி பகுதியை நினைவுபடுத்தும் பெயர். அமெரிக்காவில் டிபுரான் பெயரே தொடர்ந்தது. பக்கவாட்டில் பார்த்தவர்கள் எல்லாம் "அட, ஃபெராரி 456!" என்றார்கள். ஃபெராரிக்காரர்கள் என்ன சொன்னார்களோ. மூக்கைத் திறந்தால் 2,656 சிசி வி6, ஆறு கியர், 17 அங்குலச் சக்கரங்கள். 0-விலிருந்து 100-க்கு 8.2 விநாடி. கவனித்தீர்களா? ஒன்றரை லிட்டர் ஸ்கூப் டர்போவைவிட ஒரே ஒரு விநாடிதான் வேகம். பத்து வருஷம், கூடுதலாக இரண்டு சிலிண்டர், முந்நூறு கிலோவுக்கு மேல் கூடுதல் எடை.

உள்ளே உட்கார்ந்தால்தான் சிரிப்பு வரும், ஆனந்தச் சிரிப்பு. டேஷ்போர்டு நடுவில் வரிசையாக மூன்று குட்டி மீட்டர்கள். ஒன்று பேட்டரி வோல்டேஜ். இன்னொன்று இந்த நொடியில் பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது என்று காட்டுவது. மூன்றாவது, டார்க் மீட்டர்! இன்ஜின் இப்போது எவ்வளவு முறுக்குகிறது என்று முள் ஆடிக் காட்டும். ஓட்டுகிறவனுக்கு இதனால் காலணா பிரயோஜனம் இல்லை. ஆனால் பக்கத்து சீட்டு நண்பன் "டேய், இது என்னடா?" என்று கேட்பானே, அதற்குத்தான். வேஷம் என்றால் ஜிமிக்கியும் வேண்டும். பின் சீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள்: டிக்கிக் கதவின் கண்ணாடி நேராகத் தலைக்கு மேலே வந்து இறங்கும், மூடுவதற்கு முன்னால் "குனிஞ்சுக்கப்பா" என்று குரல் கொடுப்பது மரியாதை.

இப்போது அந்தக் குதிரை வம்பு. வி6-க்கு 181 குதிரைசக்தி என்று அமெரிக்காவில் முதலில் விளம்பரம் செய்தார்கள். 2002 செப்டம்பரில் ஹூண்டாய் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது: பத்து வருஷமாக அங்கே விற்ற சுமார் 13 லட்சம் கார்களின் குதிரைசக்தியைக் கூட்டிச் சொல்லியிருக்கிறோம். டிபுரான் வி6-ன் எண் 170-ஐ ஒட்டி வந்து நின்றது. பத்துக் குதிரை லாயத்திலிருந்து மாயம்! எஸ்.எல்.சி. என்று உண்மையைப் பெயரிலேயே சொன்ன பரம்பரையில் இப்படியா? எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் டார்க் மீட்டரின் முள் ஆடுவதைப் பார்த்தால் கோபம் நிற்காது.

அதே காலத்தில் இன்னொரு கையெழுத்தும் நடந்துகொண்டிருந்தது. அடுத்த தலைமுறை நான்கு சிலிண்டர் இன்ஜினை ஹூண்டாய் வடிவமைக்க, அதைப் பயன்படுத்தும் கூட்டணியில் டைம்லர்-கிரைஸ்லர் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் யார்? மிட்சுபிஷி. ஆராய்ச்சிக்கூடத்தை மூடச் சொன்னதாக லீ சொன்னாரே, அதே மிட்சுபிஷிதான் இப்போது ஹூண்டாயின் வரைபடத்துக்குக் காசு கட்டியது. சுங் ஜு-யுங் அதைப் பார்க்க இல்லை. 2001 மார்ச்சில் காலமாகிவிட்டார்.

2008-ல் இந்த வரிசை முடிந்தது. அடுத்து வந்த ஜெனிசிஸ் கூப்பே பின்சக்கரத்தால் ஓடும் அசல் ஸ்போர்ட்ஸ் கார். அதற்கு வேஷம் தேவைப்படவில்லை. டஸ்கானிகள் கை மாறி, இன்னொரு கை மாறி, கொரிய ரோடுகளில் நிறம் மங்கி ஓடிக்கொண்டிருந்தன.

2018 மே மாதம், கொரியாவில் ஒரு நெடுஞ்சாலை. ஒரு வண்டி நடுத்தடுப்பை உரசிக்கொண்டே நிற்காமல் போகிறது. உள்ளே ஓட்டுநர் நினைவிழந்து சாய்ந்து கிடக்கிறார். சுற்றி வந்த கார்கள் ஹாரன் அடிக்கின்றன, விலகுகின்றன. ஒரு பழைய டஸ்கானி மட்டும் வேகம் பிடித்து அந்த வண்டியை முந்தி, அதற்கு நேர் முன்னால் வந்து, பிரேக்கை மிதித்தது. பின்னால் இடி. தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம். பிறகு இரண்டும் நின்றன. டஸ்கானிக்காரர் இறங்கி ஓடி, கண்ணாடியை உடைத்து, அந்த மனிதரை வெளியே எடுத்தார். அவர் பிழைத்தார்.

செய்தி பரவியது. கொரியப் பத்திரிகைகள் அவருக்கு வைத்த பட்டமே 'டஸ்கானி நல்ல மனிதர்' என்கிற பொருளில்தான். பழுதுச் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்றது ஹூண்டாய். பெரிய அடி இல்லை, வேண்டாம் என்றார் அவர். சரி, புதுக் கார் தருகிறோம் என்று முடிவானது. புது டஸ்கானி தர முடியாது, நிறுத்திப் பத்து வருஷமாகிவிட்டதே! அதனால் ஒரு வெலோஸ்டர் கொடுத்தார்கள். சரிந்த கூரை, முன்சக்கர இயக்கம், அடியில் குடும்பக் காரின் பாகங்கள்.